காலுக்கு அளவான செருப்பு



1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது எங்கள் மக்கள் நடந்தார்கள். 2009இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வெறுங்காலோடு நடந்தவர்களும் பலர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து 2012வரை கட்டங்கட்டமாகத் திரும்பி வந்து, பற்றை மண்டிய காணிகளைத் துப்புரவாக்கியதும் இந்தக் கால்களை நம்பித்தான். இன்றும் வரம்பில் நிற்பதற்கும், லான்ட்மாஸ்டரின் பின்னால் நடப்பதற்கும், தண்ணீர் அள்ளுவதற்கும் கால் வேண்டும். ஒரு விரலை இழந்தாலே ஒரு போகம் கைநழுவிப் போகலாம்.

ஆனால் கால் நோவு என்றால் நாம் என்ன செய்கிறோம்? நோவெண்ணெய் தேய்க்கிறோம், அல்லது சந்தையில் யாரோ விற்கும் விலைகூடிய ‘மருத்துவச் செருப்பை’ வாங்குகிறோம். யாருக்கு அளவெடுத்துச் செய்த செருப்பு வேண்டும், யாருக்கு வேண்டியதில்லை, நல்லதை எப்படி இனங்காண்பது என்பதை இங்கு பார்ப்போம்.

எல்லோருக்கும் வேண்டியதில்லை

காலையில் எழுந்து முதலாவது அடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி குத்துவதுபோல நோகிறதா? இது மிகப் பொதுவான வருத்தம். உள்ளங்காலின் அடியில் உள்ள தடித்த நார்ப்பட்டை இழுபட்டு நொந்துபோவதே காரணம். அவுஸ்திரேலியாவில் 135 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அளவெடுத்துச் செய்த உள்ளடியும் கடையில் ஆயத்தமாக விற்கும் உள்ளடியும் ஏறக்குறைய ஒரே பலனையே தந்தன. ஆகவே குதி நோவுக்காகக் கடன்பட வேண்டாம். குதியில் மெத்தென்ற, சற்று உயர்ந்த செருப்பும், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியும் பெரும்பாலானோருக்குப் போதும்.

தட்டைப் பாதமும் அப்படித்தான். ஈரக்காலைச் சீமெந்து நிலத்தில் பதித்துப் பாருங்கள். பாதம் முழுவதும் பதிந்தால் அது தட்டைப் பாதம். நோவு இல்லாவிட்டால் அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை.

கட்டாயம் தேவைப்படுபவர்கள் வேறு. சலரோகத்தினாலோ தொழுநோயினாலோ கால் மரத்துப்போனவர்கள், மிதிவெடியில் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர்கள், எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியவர்கள் ஆகியோரே அவர்கள். பிறவியிலேயே பாதம் உட்பக்கம் வளைந்த குழந்தைகளும் இதில் அடங்குவர். இக்குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போடத் தொடங்க வேண்டும். கட்டு முடிந்தபின் நான்கு வயதளவு வரை இரவில் அணியும் விசேட சப்பாத்தை இடையில் விட்டுவிட்டால் பாதம் மீண்டும் வளையும்.

நோகாத காலே ஆபத்தான கால்

நோவு எங்களுக்கு ஒரு காவல்காரன். கல் உறுத்தினால் காலை மாற்றி வைக்கிறோம். செருப்புக் கடித்தால் கழற்றுகிறோம். மரத்துப்போன காலுக்கு அந்தக் காவல் இல்லை. பெருவிரலின் அடிமேடு போன்ற ஒரே இடத்தில் நாள் முழுவதும் பாரம் விழும். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின் அந்த இடம் சூடேறி, தடித்து, உள்ளே கன்றிப் புண்ணாகும். வெளியே தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும்.

இதை உலகுக்கு விளக்கிக் காட்டியவர்களுள் முக்கியமானவர், கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக ‘அழுகி விழுவதில்லை’, உணர்ச்சி இல்லாத காலை மீண்டும் மீண்டும் பாவிப்பதால் வரும் காயங்களே அதற்குக் காரணம் என்று அவர் கண்டார். அதன்பின் செருப்பிலேயே கவனஞ் செலுத்தினார். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற றப்பரால் உள்ளடியும், அதன் கீழே முள் ஏறாத கடினமான றப்பரும் வைத்துச் செய்த செருப்புகள் அங்கிருந்துதான் பரவின. 1966இல் அமெரிக்கா சென்ற அவர், அதே முறைகளைச் சலரோகக் கால்களுக்கும் பயன்படுத்தினார்.

எமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பாதம் முழுவதையும் ஒட்டியபடி மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பரவச்செய்து புண்ணை ஆற்றும் முறையை 1930களிலேயே கையாண்டவர்களுள் ஒருவர் இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல். இன்றும் பல நாடுகளில் அந்த முறை பாவனையில் உள்ளது.

வீட்டிலேயே ஒரு சோதனை

உங்கள் வீட்டில் சலரோகக்காரர் இருந்தால் இதைச் செய்யுங்கள். அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவதை உணரும்போது ‘வலது’, ‘இடது’ என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அந்தக் கால்கள் ஆபத்தில் உள்ளன. அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைகளும் செய்யக்கூடிய சோதனை இது. சதச் செலவும் இல்லை.

நல்ல செருப்பை இனங்காண்பது எப்படி?

மரத்துப்போன காலுக்கு, விரலிடுக்கில் வார் உள்ள சாதாரண றப்பர்ச் செருப்பு ஆகாது. இடுக்கில் புண் வரும். கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்வார் இருக்க வேண்டும். மேலே அகலமான, கூட்டிக் குறைக்கக்கூடிய வார்கள் வேண்டும். ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது. ஒட்டியும் தைத்துமே செய்ய வேண்டும். உள்ளடி றப்பரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்குங்கள். அது பாதித் தடிப்புக்கு அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். அமுங்காவிட்டால் கடினம், அமுங்கியபடியே கிடந்தால் பயனில்லை.

அளவெடுப்பதே இதில் உயிரான வேலை. நிற்கும்போது இரண்டு காலையும் தாளில் வரைய வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரமே அதற்கு ஏற்றது. பாதம் கோணலாக இருந்தால் மாவுச்சாந்திலோ நுரைப்பெட்டியிலோ அச்செடுக்க வேண்டும். காலைப் பாராமல் இலக்கத்தை மட்டும் கேட்டு விற்பவரிடம் விசேட செருப்பு வாங்காதீர்கள்.

புதுச் செருப்பை முதல்நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த அடையாளம் அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் செய்தவரிடம் திரும்பக் கொண்டுபோய்த் திருத்துங்கள். திருத்தித் தருவாரா, உள்ளடி தட்டையானால் அதை மட்டும் மாற்றித் தருவாரா என்பதைப் பணம் கொடுக்கு முன்பே கேளுங்கள். திருத்தம் இல்லாத விலைகூடிய செருப்பிலும், திருத்தித் தரும் மலிவான செருப்பே மேல்.

எங்கே போவது?

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். முதலில் உங்கள் கிளினிக்கில் காலைக் காட்டி, மாவட்ட வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். றாகமையில் புனர்வாழ்வுக்கென்றே ஒரு போதனா வைத்தியசாலை உண்டு. செயற்கை உறுப்பும் தாங்கிகளும் செய்யக் கற்பிக்கும் பாடசாலையும் 2004 முதல் அந்த ஊரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் கால் இழந்தோருக்குப் பணியாற்றி வருகிறது. உதவி உபகரணங்களுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விண்ணப்பிக்கலாம்.

அந்த ஜெய்ப்பூர்க் காலின் கதையும் எங்களுக்கு ஒரு பாடம். 1968இல் ராஜஸ்தானில் வைத்தியர் சேத்தியும், அதிகம் படித்திராத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து றப்பரில் அதை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் குந்தி இருக்கவும் அது உதவியது. கமக்காரனின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்ததால்தான் அது நிலைத்தது.

அதேபோல எமது ஊர்களிலும் செருப்புத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். கைவண்ணம் அவர்களிடமும், அறிவு வைத்தியசாலையிலும் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தேவையானோரின் பெயர்களைச் சேர்த்து, ஒரே வாகனத்தில் ஒரே நாளில் அழைத்துச் சென்றால் போக்குவரத்துச் செலவு பங்கிடப்படும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், கிராமத்துக்கே வந்து அளவெடுக்கும்படியும் கேட்கலாம்.

செருப்புக் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒவ்வொரு இரவும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கண் தெரியாத அப்பு, ஆச்சிக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், முள் உண்டா என்று தடவுங்கள். சுடுதண்ணீரில் கால் வைக்க வேண்டாம். புண் இருந்தால் வயற்சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சலும் அந்த வழியாகவே வரும்.

இன்றிரவே வீட்டில் உள்ள சலரோகக்காரரின் ஆறு விரல்களையும் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.