வேடந்தாங்கலில் ஒரு காலை



செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவை நோக்கும் கழகத்து மாணவர் சிலரோடு, ஒரு தை மாதத்து வைகறையில் அவ்வேரிக் கரையில் நின்றேன். வெளிச்சம் பரவுமுன்பே இரைச்சல் எழுந்துவிட்டது. சந்தைக் கூச்சலும் அதற்கு ஈடாகாது.

ஏரி நீருக்குள்ளேயே நீர்க்கடம்ப மரங்கள் நிற்கின்றன. அவற்றின்மீது நாரைகளும் வக்காக்களும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் பூனையும் நரியும் எளிதில் கூட்டை அணுகா. இதுவே அவ்விடத்தின் சிறப்பு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வறண்டால், அந்த அரண் போய்விடும். பறவைகளும் வேற்றிடம் நாடும்.

நீர்க்காகம் ஒன்று கிளையில் சிறகுகளை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தது. ஏன் என்று ஒரு மாணவன் வினவினான். வாத்தின் இறகைப்போல் அதன் இறகு நீரை முற்றும் தள்ளுவதில்லை, நனைகிறது. நனைவதால் முழுகி மீன் பிடித்தல் எளிதாகிறது. பின்னர் உலர்த்தவேண்டியும் வருகிறது. ஒரு நன்மைக்கு ஒரு விலை!

இப்பறவைகளைக் காத்தவர்கள் முதலில் உழவர்களே. எச்சம் கலந்த ஏரிநீர் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வயலுக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்நீர் நெல்லுக்கு நல்ல உரம். வெள்ளையர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டார். தீபாவளியன்று வெடி வெடிக்காத ஊர் இது. சட்டத்துக்கு அஞ்சி அன்று, வழக்கத்தால்.

இனி, என் பிழை ஒன்று. கிளையில் நின்ற ஒரு பறவையின் அலகில் இடைவெளி இல்லை. “இது நத்தைகுத்தி நாரை அன்று, வேறு இனம், எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியின் குரல் அது! அனைவரும் எழுதினர், ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. தொலைநோக்கியைத் தாழ்த்தாமலே, “ஐயா, சற்றுப் பொறுக்கலாமா?” என்றாள். கால்மணி நேரம் காத்திருந்தோம். நத்தைகுத்தி நாரை ஒன்று பறந்து வந்து இரையைக் கக்க, நான் பெயர் சூட்டிய அப்பறவை தலையை ஆட்டிக் கத்திக்கொண்டு உண்டது. அது அதன் குஞ்சு. அலகின் இடைவெளி பிறவியிலேயே அமைவதன்று. வளர வளரத் தோன்றுவது.

மாணவர் முன்னிலையில் அவ்வரியை அடித்துத் திருத்தினேன். அவர்களும் அடித்தனர். அந்த மாணவிக்கு அடிக்க ஒன்றும் இல்லை.

மணி எட்டரை ஆயிற்று. வெயில் ஏறியதும் இட்டலிப் பொட்டலங்களை அவிழ்த்தோம்.