பழைய மோட்டாருக்குப் புதிய மூளை



பிரித்தானியாவிலே 1948 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் என்னும் மோட்டார் வண்டியை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. அதனைப் பேணி ஓட்டி வருவோருட் சிலர், காபுரேற்றரைக் கழற்றிவிட்டு, இக்கால வண்டிகளில் உள்ளது போன்ற இலத்திரனியல் எரிபொருட் செலுத்தலைப் பொருத்தலாமா என்று கேட்கின்றனர். பொருத்தலாம். ஆயினும், எதனைப் பெறுகின்றோம், எதனை இழக்கின்றோம், எதில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பவற்றை அறிந்த பின்னரே அவ்வேலையில் இறங்குதல் தகும். அவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பெற்றோல் தனியே எரிவதில்லை. வளியுடன் கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு நிறையுள்ள வளி வேண்டும். இஃது எப்பொழுதும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும், பாரத்துடன் மேடு ஏறும்போதும் கலவை செறிவாக இருத்தல் வேண்டும். இறக்கத்திலே வண்டி தானாக உருளும்போது பெற்றோலே வேண்டுவதில்லை. இந்த அளவுகளை அறிந்து கலந்து கொடுப்பதே காபுரேற்றரின் தொழில்.

மொறிஸ் மைனரில் உள்ள எஸ். யூ. காபுரேற்றர் இத்தொழிலை மின்சாரத்தின் துணையின்றியே செய்கின்றது. எஞ்சின் வளியை இழுக்கும்போது, அதனுள் இருக்கும் ஒரு முசலம் மேலே எழும்புகின்றது. முசலத்தின் அடியிலே கூம்பிச் செல்லும் ஓர் ஊசி உண்டு. அவ்வூசி பெற்றோல் வரும் துவாரத்தினுள் நிற்கின்றது. வளி கூடக் கூட முசலம் உயரும். ஊசியின் மெல்லிய பகுதி துவாரத்துக்கு வரும். பெற்றோலும் அதற்கேற்பக் கூடுதலாகப் பாயும். இதனினும் எளிய ஏற்பாடு ஒன்றைக் கற்பனை செய்தல் அரிது.

எனினும் அதற்குத் தெரியாதன பல. எஞ்சின் குளிர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. சாரதியே சோக்கை இழுத்து அறிவித்தல் வேண்டும். இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்தால், எரியாத பெற்றோல் உருளைச் சுவர்களில் உள்ள எண்ணெயைக் கழுவிச் செல்ல, உருளைகள் விரைவில் தேய்ந்துபோகும். மலை ஏறுவதும் அதற்குத் தெரியாது. கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே அமைந்துள்ள நுவரெலியாவிலே வளியின் அமுக்கம் கொழும்பிலே உள்ளதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவானது. கொழும்பிலே சரியாகத் திருத்திய காபுரேற்றர் அங்கே வேண்டியதிலும் கூடுதலான பெற்றோலைக் கொடுக்கும். புகைவாயிலிற் கரும்புகை தோன்றும். வண்டி தளர்ந்து ஏறும். இனி, நண்பகல் வெயிலிலே வாகன நெரிசலில் நிற்கும்போது, எஞ்சினின் வெப்பத்தினாற் பெற்றோல் ஆவியாகி, நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப மறுப்பதையும் பலர் கண்டிருப்பர்.

இலத்திரனியற் செலுத்தல் இவற்றை எவ்வாறு கையாளுகின்றது? அதன் உறுப்புகளை மூன்று வகுப்பாகக் கொள்ளலாம். முதலாவது, உணரிகள். வளியின் அமுக்கம், வளியின் வெப்பநிலை, எஞ்சின் நீரின் வெப்பநிலை, வளிக்கதவு திறந்திருக்கும் அளவு, எஞ்சின் சுழலும் வேகம், புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசன் ஆகியவற்றை இவை அளக்கின்றன. இரண்டாவது, அவ்வளவுகளைப் பெற்றுக் கணக்கிடும் சிறு கணினி. மூன்றாவது, கணினியின் ஆணைப்படி திறந்து மூடும் தெளிகருவி. இது மின்காந்தத்தினால் இயங்கும் ஒரு நுண்ணிய வால்வு. அது திறந்திருக்கும் நேரமே பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கின்றது.

இக்கணக்கின் நுண்மையை ஓர் உதாரணத்தாற் காண்போம். மொறிஸ் மைனரின் பிந்திய எஞ்சின் 1,098 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடையது; நான்கு உருளைகள் கொண்டது. ஓர் உருளை முழுமையாக வளியை இழுத்தால் அதன் நிறை கிராமின் மூன்றில் ஒரு பங்களவே. அதற்கு வேண்டிய பெற்றோல் ஏறக்குறைய 22 மில்லிகிராம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வோர் உருளையும் செக்கனுக்கு 25 முறை இவ்வாறு வளியை இழுக்கின்றது. ஒவ்வொரு முறையும் இத்துணைச் சிறிய அளவை நிறுத்துக் கொடுக்கும் தராசு போன்றதே இக்கருவி எனலாம்.

இது நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவிலே பெண்டிக்ஸ் நிறுவனம் 1957 ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்கவில்லையாதலால் அது நிலைபெறவில்லை. 1967 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் 1600 வண்டியிலே பொருத்திய அமைப்பே பெருந்தொகையாக வழக்குக்கு வந்தது. மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கும் இதிலே ஒரு பங்குண்டு. 1951 இல் ஒஸ்ரின் வண்டியில் அறிமுகமான அதே எஞ்சின் வகை, மினி வண்டியிலே 2000 ஆம் ஆண்டு வரை தொடர்ந்து வந்தது. 1990 ஆம் ஆண்டுகளிலே அதனைச் செய்தோரே காபுரேற்றரை நீக்கி, முதலில் ஒரு தெளிகருவியையும், 1996 முதல் இரண்டு தெளிகருவிகளையும் பொருத்தினர். ஆகவே, இம்மாற்றம் இயலுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டு ஏன், நான்கு ஏன் இல்லை என்று கேட்கலாம். இவ்வெஞ்சினில் நான்கு உருளைகளுக்கும் இரண்டே வளிவாயில்கள் உள்ளன. ஒரே வாயிலைப் பங்கிடும் இரு உருளைகளும் அடுத்தடுத்து இழுப்பதால், ஒன்றுக்குப் பெற்றோல் கூடியும் மற்றொன்றுக்குக் குறைந்தும் போதல் கூடும். இரண்டு தெளிகருவிகளை வைப்பதாயின் அவை தெளிக்கும் கணத்தை மிகத் துல்லியமாக அமைத்தல் வேண்டும். ஆதலால், காபுரேற்றர் இருந்த இடத்திலேயே ஒற்றைத் தெளிகருவி கொண்ட தொகுதியை வைப்பதே முதன்முறை முயல்வோருக்கு ஏற்ற வழியாகும்.

இனி, வேலையின் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில் எஞ்சினின் உடல்நலத்தைச் சோதித்தல் வேண்டும். தேய்ந்த வளையங்களையும் எரிந்த வால்வுகளையும் எந்தக் கணினியும் குணப்படுத்தாது. அடுத்தது மின்சாரம். மொறிஸ் மைனரிலே பற்றறியின் நேர்முனை வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். புதிய கருவிகளுக்கோ எதிர்முனையே இணைக்கப்படல் வேண்டும். இதனை மாற்றாது கணினியை இணைப்பின் அது அக்கணமே கெட்டுவிடும். மேலும், பழைய டைனமோ எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் தருவதே இல்லை எனலாம். பம்பும் தெளிகருவியும் இடையறாது மின்சாரம் கேட்பதால், டைனமோவை நீக்கி ஓல்ரனேற்றர் பூட்டுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது, பெற்றோல் வழி. பழைய பம்பின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று இறாத்தல் அளவே. ஒற்றைத் தெளிகருவித் தொகுதிக்கு ஏறக்குறைய 15 இறாத்தலும், வாயில் தோறும் தெளிக்கும் அமைப்புக்கு 40 இறாத்தலுக்கு மேலும் வேண்டும். இவ்வேறுபாட்டிலேதான் உயிராபத்து உறைந்திருக்கின்றது. காபுரேற்றரிலே கசிவு ஏற்பட்டாற் பெற்றோல் சொட்டும். இங்கே கசிவு ஏற்பட்டால் அது விசிறியடிக்கும். விசிறியடித்த பெற்றோல் சூடான புகைக்குழாயிற் படுமாயின் வண்டி தீப்பற்றுவதற்குச் சில செக்கன்களே போதும். ஆகவே, பழைய இறப்பர்க் குழாய்களை ஒன்றும் விடாது நீக்கி, உயர்ந்த அமுக்கத்துக்கென்றே செய்யப்பட்ட குழாய்களையும் பிடிகளையும் பூட்டுக. எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்குமாறு கணினியின் வழியே அதற்கு மின்சாரம் கொடுக்குக. மோதல் நேர்ந்தவுடன் பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளி ஒன்றையும் வைக்குக. தாங்கியிலே துருப்பிடித்திருந்தால் அதனைக் கழற்றி, அவ்வேலை பழகியவரிடமே கொடுக்குக. வெறுந்தாங்கியில் நிறைந்து நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியிலும் அபாயமானது. அதனருகே நெருப்பைக் கொண்டு செல்லற்க.

இவ்வளவும் செய்து, உணரிகளையும் பொருத்திய பின்னர், கணினியின் அட்டவணையைத் திருத்துதல் வேண்டும். புகைக்குழாயிலே உள்ள ஒட்சிசன் உணரி இதற்குப் பேருதவி செய்யும். முதலில் எஞ்சின் சும்மா சுழலும் நிலையையும், பின்னர் சம தரையிலே ஓடும் நிலையையும், இறுதியில் மேடு ஏறும் நிலையையும் சீர்செய்க.

இழப்பது யாது என்பதையும் மறைத்தல் ஆகாது. 1990 ஆம் ஆண்டுகளிலே யுத்தத்தினால் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியவை இப்பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவையும் அவையே. அப்பொறுமை காபுரேற்றருக்கு உண்டு; நுண்ணிய உணரிகளுக்கு இல்லை. பற்றறி தளர்ந்துபோன மொறிஸ் மைனரை நெட்டித் தள்ளியோ, கைப்பிடியாற் சுழற்றியோ கிளப்பிவிடலாம். மாற்றிய வண்டியிலே அஃது அவ்வளவு எளிதன்று. வழியிலே பழுது நேர்ந்தால், ஒரு திருப்புளியுடன் வரும் கிராமத்து மெக்கானிக் அதனைத் திருத்துதலும் எளிதன்று.

ஆதலின், வண்டியை நாள்தோறும் ஓட்டுவோரும், மலைநாட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் அடிக்கடி செல்வோரும் இம்மாற்றத்தினால் நன்மை அடைவர். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மாத்திரம் வண்டியை வெளியே எடுப்போர், இருக்கும் காபுரேற்றரைப் புதுப்பித்து, தேய்ந்த ஊசியையும் துவாரத்தையும் மாற்றிக்கொள்வதே போதுமானது. செலவும் மிகக் குறைவு. மாற்றுவோர் வண்டியின் உடலிலே வெட்டாமலும் துளையிடாமலும் வேலை செய்து, கழற்றிய உறுப்புகளை எண்ணெய் பூசிப் பேணிவைத்தல் நன்று. நாளை அவ்வண்டியைப் பெறப்போகும் பிள்ளைகள் பழையபடியே அதனைக் காண விரும்பினால், அவ்வழியை நாம் அடைத்துவிடலாகாது.