சட்டமும் பிரெஞ்சும்

கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடலோசை கேட்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருப்பவன் நான். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் என் வீட்டு விறாந்தை ஓர் ஆலோசனை மண்டபமாக மாறிவிடும். வைத்தியமா பொறியியலா என்று கேட்டு வருவோரே பலர். அவர்களுக்கு விடை கூறுவது எனக்குப் பழகிப்போன காரியம். ஆனால் அண்மையில் என் சகோதரியின் மகள் கேட்ட கேள்வி என்னைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை.

அவள் கலைப்பிரிவில் பிரெஞ்சையும் ஒரு பாடமாக எடுத்து நன்றாகச் சித்தியடைந்தவள். “மாமா, சட்டபீடத்துக்கு இடம் கிடைக்கும் போலை இருக்கு. ஆனால் பிரெஞ்சை விட மனம் வரேல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது பிழையோ?” என்றாள்.

பிழை என்றே அன்று சொன்னேன். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்னும் பழமொழியையும் துணைக்கு அழைத்தேன். என் வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்நாட்டு நீதிமன்றங்களின் மொழி எதுவென்பதை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வரையறுக்கிறது. வடக்குக் கிழக்கிலே தமிழ், கொழும்பிலே சிங்களம். புதுக்கடை நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச விரும்பும் தமிழ்ப் பிள்ளை முதலிற் கற்க வேண்டியது சிங்களம் அன்றோ? சிங்களமும் ஆங்கிலமும் கைவராத நிலையில் பிரெஞ்சு ஓர் ஆபரணமே என்று நான் வாதித்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. பேசாமல் எழுந்து போனாள்.

அடுத்த வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். கணவர் பாரிசில் பல்லாண்டு உழைத்து அங்கேயே காலமாகிவிட்டார். அந்நகர நொத்தாரிசு ஒருவரிடமிருந்து பிரெஞ்சு மொழியில் கடிதம் வந்திருந்தது. “மாஸ்ரர், இதைக் கொண்டு திரியாத இடமில்லை” என்றார் அவர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்திருந்தார். அதில் ‘உங்கள் திருமண ஆட்சி யாது?’ என்று ஒரு வினா இருந்தது. அதைப் பார்த்த சட்டத்தரணி ஒருவர், அப்படி ஒன்று நம் சட்டத்தில் இல்லை என்று கூறித் திருப்பியனுப்பினாராம். மொழி அறிந்தவருக்குச் சட்டம் தெரியவில்லை. சட்டம் அறிந்தவருக்கு மொழி தெரியவில்லை. பிரான்சில் மரணம் நிகழ்ந்தால் மரபுரிமை பற்றிய வரி அறிக்கையை ஆறு மாதத்துள் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்த ஆறு மாதத்தில் மூன்று மாதம் நம் தெருக்களிலேயே கழிந்து போயிருந்தது.

மருமகள் கடிதத்தை வாங்கி மெல்ல வாசித்தாள். கணவனும் மனைவியும் தம் சொத்தை எவ்வகையில் அனுபவிக்கிறார்கள், எது பொது, எது தனி என்பதையே அந்த வினா கேட்கிறது என்று விளக்கினாள். பிறகு ஒரு சொல்லில் விரலை வைத்தாள். “‘அக்கே’ எண்டு போட்டிருக்கு மாமா. கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து. இது எங்கடை தேடியதேட்டம் மாதிரியல்லோ இருக்கு?”

நான் திகைத்தேன். தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூவகைப்படுவதை நாம் அறிவோம். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் சட்ட வலுக் கொடுத்த வழமை அது. வாழ்க்கைத் துணைவரில் ஒருவர் இறந்தால் தேடியதேட்டத்திற் பாதி மற்றவருக்கு உரியது. பிரான்சிலும், வேறு ஒப்பந்தம் செய்யாத தம்பதியர்க்கு, மணத்தின் பின் ஈட்டியது பொதுவாகும்; முன்னர் இருந்ததும் மரபுரிமையாய் வந்ததும் தனியாகும். 1965ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொது முறை இது.

“அப்ப அம்மாவுக்குப் பாதி கிடைக்குமோ?” என்று அந்த அம்மையார் ஆவலோடு கேட்டார். மருமகளின் முகம் வாடியது. “எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் எண்டு சொல்ல எனக்குத் தெரியாது, அன்ரி. அதுக்குச் சட்டம் படிச்சிருக்க வேணும்” என்றாள். நான் அவளுக்குக் கூறியிருக்க வேண்டிய விடையை அவளே கூறிவிட்டாள்.

அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினேன். சட்டமும் மொழியும் நம் வரலாற்றில் என்றுமே தனித்து வந்தவையல்ல. நொத்தாரிசு என்ற சொல்லே ஒல்லாந்தரிடம் நாம் பெற்றது. புதுக்கடையை ஆங்கிலத்தில் அழைக்கும் பெயரோ, 1656இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர். 1799இல் ஆங்கிலேயர் இங்கே ஒல்லாந்தச் சட்டத்தை அப்படியே வைத்திருக்கப் பிரகடனம் செய்தனர். பத்தே ஆண்டுகளில், நெப்போலியனின் ஆதிக்கத்தால், ஒல்லாந்து நாட்டிலேயே அந்த உரோமன்-டச்சுச் சட்டத்தின் இடத்தைப் பிரெஞ்சுச் சட்டக்கோவை பிடித்துக்கொண்டது. தாய்வீட்டில் அழிந்த சட்டம் நம் தீவில் உயிரோடிருக்கிறது. அதே ஆங்கிலேயர் கியூபெக்கிலும் மொரீசியசிலும் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தைத் தொடரவிட்டனர். இன்று அவ்விரு இடங்களிலும் தமிழர் வாழ்கின்றனர்.

புதுச்சேரியின் கதை இன்னும் நெருக்கமானது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் புகுந்தார். அது குற்றம் என்று அங்குள்ள நீதிபதி தண்டித்தார். அவரோ பாரிசின் உச்ச மேன்முறையீட்டு மன்றம் வரை சென்று வென்றார். ஆட்சியாளரின் சட்டத்தை ஆட்சியாளரின் மொழியிலேயே அறிந்திருந்தமையால் கிடைத்த வெற்றி அது.

ஒப்பு நோக்குதல் நம் குறைகளையும் காட்டிக்கொடுக்கும். 1804இன் பிரெஞ்சுச் சட்டக்கோவை மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்றது. அவன் சம்மதமின்றித் தன் சொத்தையும் அவள் விற்க இயலாது. அந்நாட்டுப் பெண்கள் 1938இலும் 1965இலும் இத்தளைகளைப் படிப்படியாகக் களைந்தனர். நம் தேசவழமைக்குட்பட்ட மணமான பெண்ணோ, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். பிறர் வீட்டு விளக்கின் ஒளியிலே நம் வீட்டு இருள் தெரிகிறது. இதைக் காணும் கண்ணை ஆபரணம் என்று நான் சொன்னது தவறு.

எனினும் நடைமுறையை மறத்தல் ஆகாது. சட்டத்தையும் பிரெஞ்சையும் இணைத்து நான்கு ஆண்டுப் பட்டமாக, அதில் ஓராண்டைப் பிரான்சிலே கழிக்குமாறு, இங்கிலாந்தின் சில பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன. அவற்றின் கட்டணம் எம்போன்ற குடும்பங்களுக்கு எட்டாக் கனி. இங்கோ, சட்டபீடம் கொழும்பில். பிரெஞ்சைப் பட்டப் பாடமாகக் கற்பிப்பது களனியில். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கைநழுவும். மொழியை மாத்திரம் கற்றால் கடிதத்தைப் பெயர்க்கலாம். அதற்கு விடை எழுத இயலாது. ஆகவே சட்டம் பட்டமாகட்டும், பிரெஞ்சு மாலை நேரத்து முயற்சியாகட்டும் என்று முடிவாயிற்று. பார்ன்ஸ் பிளேசில் உள்ள அலியான்ஸ் பிரான்சேசில் படிப்படியாகப் பரீட்சை எழுதலாம்.

நான் இரு நிபந்தனைகள் விதித்தேன். சிங்களத்தைப் பேசவும் வாதிடவும் கற்க வேண்டும் என்பது ஒன்று. பிரெஞ்சு, சட்டப் படிப்பின் நேரத்தைத் தின்னத் தொடங்கினால் ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டாள். இரண்டாவதற்கு, “பாப்பம் மாமா” என்றாள்.

ஆசிரிய நண்பர்களே, இந்த வழி எல்லாருக்கும் ஏற்றதென்று நான் சொல்ல வரவில்லை. பெயருக்குப் பின்னே இன்னொரு தகைமையைச் சேர்க்க விரும்புபவனுக்கு இது வீண் சுமை. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாரிசிலோ ஜெனீவாவிலோ மொன்றியலிலோ உறவினர் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. அவர்களுடைய பிறப்பும் மணமும் மரணமும் இரு நாட்டுச் சட்டங்களுக்கு இடையே நடக்கின்றன. அந்த இடைவெளியில் நிற்கத் துணியும் பிள்ளையை, நான் செய்ததுபோலப் பழமொழி சொல்லித் தடுத்துவிடாதீர்கள்.

அந்த அம்மையாரின் விவகாரத்தைப் பாரிசில் ஒரு சட்டத்தரணி பொறுப்பேற்றிருக்கிறார்; முடிவு இன்னும் வரவில்லை. அங்கிருந்து கடிதம் வந்தால் அவர் இப்போது என்னைத் தேடி வருவதில்லை. மருமகள் விரிவுரை முடிந்து திரும்பும் நேரத்தை விசாரித்து, அதற்கே பஸ் ஏறுகிறார்.