எள்ளானாலும் சொல்லி விற்போம்!

2016-இல் லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியை உண்ட நடாஷா என்ற 15 வயதுச் சிறுமி உயிரிழந்தார். மாவில் கலந்திருந்த எள் அவருக்கு ஒவ்வாது. உறையில் அவ்விவரம் இல்லை. கடையிலேயே தயாரித்துக் கட்டிய பண்டத்தின் உறையில் அச்சிடத் தேவையில்லை என்பதே அன்றைய சட்டம். 2021 அக்டோபர் 1 முதல் அங்கு, சேர்மானங்களுடன் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களையும் உறையில் காட்டுவது கட்டாயமாயிற்று.

நம் நாட்டிலும் மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 கிளைகளுக்குக் குறையாத உணவகங்கள் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டு விதிமுறை. சிறு கடையினரான நம்மை அது தொடவில்லையே என்று இருந்துவிடலாமா? சட்னியில் வேர்க்கடலை, குருமாவில் முந்திரி என்று ஒரு பலகையில் எழுதி வைக்க ஆகும் செலவு சொற்பம். காக்கப்படுவதோ ஓர் உயிர். வாடிக்கையாளர் கேட்கும்முன் நாமே சொல்வோம்!