அந்நியரைக் காக்க ஆயுதம் ஏந்தலாமா? அமெரிக்கச் சம்பவங்களும் இந்தியச் சட்டமும்: ஒரு விளக்கம்

புது தில்லி: முன்பின் அறியாத ஒருவரைக் காப்பாற்ற ஆயுதத்துடன் முன்வரும் பொதுமக்கள், தாக்குதல்காரரால் மட்டுமன்றி, உதவிக்கு வரும் காவல்துறையினராலும் சுடப்படும் ஆபத்து உள்ளதை அமெரிக்காவில் நிகழ்ந்த சம்பவங்கள் உணர்த்துகின்றன. பிறர் உயிரைக் காக்கும் உரிமையை இந்தியச் சட்டம் வழங்கினாலும், அதற்குத் தெளிவான எல்லைகளையும் வகுத்துள்ளது.

அர்வாடாவில் நடந்தது என்ன?

கொலராடோ மாகாணத்தின் டென்வர் அருகே உள்ள அர்வாடா நகரக் கடைவீதியில், 2021 ஜூன் 21-ஆம் தேதி காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த கடையில் இருந்து வெளியே ஓடிவந்த 40 வயது நபர், தனது கைத்துப்பாக்கியால் கொலையாளியைச் சுட்டு வீழ்த்தினார். பின்னர், கொலையாளியின் ரைஃபிளை அவர் கையில் எடுத்தார்.

அதைக் கண்ட மற்றொரு காவலர், அவரையே தாக்குதல்காரர் எனக் கருதிச் சுட்டதில் அவர் உயிரிழந்தார். காவலரின் கண்ணுக்குத் தெரிந்தது, சாதாரண உடையில் ரைஃபிளுடன் நின்ற ஒருவர் மட்டுமே. உயிரிழந்தவரை 'ஹீரோ' என நகரக் காவல்துறைத் தலைவரே புகழ்ந்தார். அதேவேளையில், சுட்ட காவலர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்யப் போவதில்லை என அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது நபர்

2014 ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் இரு காவலர்களைக் கொன்ற தம்பதி, அருகிலிருந்த வால்மார்ட் அங்காடிக்குள் நுழைந்தனர். துப்பாக்கி வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் கணவனைத் தடுக்க முயன்றார். மனைவியும் கூட்டாளி என்பதை அறியாத அவர், அப்பெண்ணால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2011-இல் டூசானில் 6 பேர் கொல்லப்பட்ட சம்பவத்தில், உதவ ஓடிவந்த ஒருவர், துப்பாக்கியுடன் நின்றவரைச் சுடும் நிலைக்குச் சென்றார். ஆனால், அந்த நபர் கொலையாளியிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர் என்பது நல்வாய்ப்பாக உடனே தெரியவந்தது.

இத்தகைய தலையீடு எப்போதும் தோல்வியடைவதில்லை. 2022 ஜூலையில் இண்டியானா மாகாணத்தின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 3 பேரைக் கொன்றவரை, 22 வயது இளைஞர் சில விநாடிகளிலேயே சுட்டு வீழ்த்தி மேலும் உயிரிழப்புகளைத் தடுத்தார்.

எனினும், 2000 முதல் 2013 வரை நிகழ்ந்த 160 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த எஃப்பிஐ, அவற்றில் 21 சம்பவங்களில் ஆயுதமற்ற பொதுமக்களே தாக்குதல்காரரை மடக்கியதாகத் தெரிவித்தது. காவல்துறையைச் சாராத ஆயுதமேந்தியோருடன் நிகழ்ந்த மோதலுக்குப் பின் முடிவுக்கு வந்தவை 5 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானோர் பாதுகாவலர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவு, தன் உடலையும் பிறர் உடலையும் தாக்குதலிலிருந்து காக்கும் உரிமையை வழங்குகிறது. காக்கப்படுபவர் உறவினராகவோ அறிமுகமானவராகவோ இருக்க வேண்டியதில்லை.

ஆனால், 37-ஆவது பிரிவின்படி, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடாது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை பொருந்தாது. ஆபத்து குறித்த நியாயமான அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே உரிமை நீடிக்கும் என 40-ஆவது பிரிவு கூறுகிறது. எனவே, ஆபத்து நீங்கியபின் தப்பியோடுபவரைச் சுட்டுவிட்டு, தற்காப்பு எனக் கோருவது கடினம்.

குண்டு அப்பாவி ஒருவர் மீது பாய்ந்தால் என்னவாகும்? மரண அச்சம் தரும் தாக்குதலின்போது, அப்பாவிக்கு ஆபத்து ஏற்படுத்தாமல் தற்காத்துக்கொள்ள வழியே இல்லை என்ற நிலையில் மட்டுமே 44-ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தற்காப்புக்காகவே செயல்பட்டதை நீதிமன்றத்தில் காட்டும் பொறுப்பு, அவ்வாறு கோருபவரையே சாரும்.

துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் கட்டாயம். உரிமம் இருப்பது மட்டுமே, சுட்டதை நியாயப்படுத்திவிடாது.

என்ன செய்யலாம்?

அவசர உதவி எண் 112-ஐ அழைப்பது, அருகிலிருப்போரை அப்புறப்படுத்துவது, தாக்குதல்காரரின் அடையாளங்களைத் தெரிவிப்பது ஆகியவை ஆயுதமின்றியே செய்யக்கூடிய உதவிகள். தவிர்க்க முடியாமல் ஆயுதத்தைப் பயன்படுத்தியவர், ஆபத்து நீங்கியதும் அதைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கைகள் தெரியும்படி நின்று, காவலர்களின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவதே பாதுகாப்பானது. தாக்குதல்காரரின் ஆயுதத்தைக் கையில் எடுப்பது உயிருக்கே உலையாகலாம் என்பதையே அர்வாடா சம்பவம் காட்டுகிறது.