கொல்லைப்புறமும் வளர்ந்த பிள்ளையும்



சம்பளம், வேலை நீக்கம், குடியிருப்பு என்றுதான் இந்தப் பகுதியில் வழக்கமாக எழுதி வருகிறேன். இந்த வாரம் என் வீட்டுக் கொல்லையைப் பற்றி எழுதப் போகிறேன். "என்னய்யா, சங்கத்துக்காரர் கீரை விதைக்கக் கிளம்பிட்டாரா?" என்று சிரித்துவிடாதீர்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம். படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் கைமாறி லயம் இடிபட்ட பிறகு, ஈப்போ ஓரத்தில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஓரத்து வீடு என்பதால் பின்னாலும் பக்கத்திலும் கொஞ்சம் நிலம் உண்டு. பல வருடமாக அதில் லாலான் புல்தான் விளைந்தது.

மூத்தவனுக்குப் பதினைந்து வயது. போன பள்ளி விடுமுறையில் அவன் கையும் கைப்பேசியும் ஒட்டிப் பிறந்தது போல இருந்தான். ஒருநாள் வேலை முடிந்து களைத்து வந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "ஒரு வாரத்துக்குள்ள கொல்லையில இருக்கிற லாலானை எல்லாம் சுத்தம் பண்ணு. அப்புறம் வந்து கேளு" என்று கத்தினேன்.

இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தான். கையில் கொப்புளம் வந்தது. லாலானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மேலே வெட்டினால் கீழே கிழங்கு வேர் சிரிக்கும். மூன்றாம் நாள் சிநேகிதன் வீட்டிலிருந்து புல் மருந்து வாங்கி வந்துவிட்டான். அதுவும் எதில்? ஆரஞ்சு பானம் விற்கிற புட்டியில்! அதைக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைத்திருக்கிறான். எங்கள் கடைக்குட்டிக்கு ஆறு வயது. புட்டியில் எது இருந்தாலும் இனிப்புத் தண்ணீர் என்று நினைக்கிற வயது.

கண்டுபிடித்தது என் அம்மா. மூடியைத் திருகிய உடனே வாடையில் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் போகும்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மருந்து தோம்பு சுமந்த முதுகு அது.

அம்மா அவனைத் திட்டவில்லை. "இங்க வந்து உட்காரு சாமி" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கை விரல்களை நீட்டினார். இரண்டு விரலில் நகம் கோணலாகத்தான் வளரும். தோம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, அந்தக் கையோடே சோறு தின்றது எல்லாவற்றையும் சொன்னார். "அப்ப எங்களுக்கு அது வெசம்னு யாரும் சொல்லலே. நீ படிக்கிற பிள்ளை. ஒனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

பையன் தலையைக் குனிந்தபடி, "அப்பாதான் பாட்டி ஒரு வாரத்துல முடிக்கச் சொன்னாரு" என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் மண்டோரு மாதிரிதான் பேசியிருக்கே."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. தொழிலாளிக்கு நியாயமான வேலை நேரம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறவன், சொந்தப் பிள்ளைக்குக் கணக்கு வேலை போட்டு மிரட்டியிருக்கிறேன்.

விஷத்தின் கதை

பேராகுவாட் என்ற புல் மருந்தைத் தோட்டத்துப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரைக் கொண்டுபோகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்தடிக்கிற வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள்தான். அவர்கள் பட்ட பாட்டை வெளியே கொண்டு வந்ததில் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்புக்கும், அதை நடத்தி 2014இல் மறைந்த ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாருக்கும் பெரிய பங்கு உண்டு. 2002இல் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது.

ஆனால் பழைய சரக்கு எந்த வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதோ, யார் கண்டது? வேறு புல் மருந்துகளும் விற்பனையில் இருக்கின்றன. என் மகன் கொண்டு வந்தது என்ன மருந்து என்று லேபிளே இல்லை. அதுதான் பெரிய ஆபத்து. எந்த மருந்தையும் குடிக்கிற புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். காலி மருந்துத் தோம்பில் தண்ணீர் பிடிக்காதீர்கள், செடியும் வைக்காதீர்கள். மீந்ததைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. விவசாய இலாகாவைக் கேட்டு ஒப்படையுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் 999க்கு அழையுங்கள், அல்லது அந்தப் புட்டியோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பதினாறில் ஒரு பங்கு

நமக்கும் கொல்லைக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பே, குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்ய ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பது வேறு கதை. கொடுத்த இடத்தில் நம் பாட்டிமார் முருங்கையும் கத்தரியும் பயித்தங்காயும் போட்டு, மாடு ஆடு வளர்த்து, அரைவயிற்றுக் கூலியை முக்கால் வயிறாக்கினார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். எழுபதுகளில் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பசுமைப் புத்தகத் திட்டம் என்று அரசாங்கமே வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கிறதா? கேமரன் மலையில் காய்கறியை ஏற்றிவர வழியில்லாமல் விவசாயிகள் கொட்டினார்கள். மலைக்குக் கீழே நாம் கீரைக்கு அலைந்தோம். கொல்லையில் முருங்கை நின்ற வீட்டில் மட்டும் குழம்பு கொதித்தது.

எங்கள் கொல்லையில் செய்தது

மறுநாள் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கி வந்த புட்டியைப் பூட்டி வைத்து, சிநேகிதன் வீட்டாரிடமும் பேசி, முறைப்படி ஒப்படைக்க ஏற்பாடு செய்தோம். பிறகு அம்மாதான் எங்கள் மண்டோர்!

லாலானைத் தரையோடு வெட்டி, பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காகப் போட்டு, மேலே வெட்டிய புல்லையும் காய்ந்த இலையையும் கனமாக மூடினோம். வெளிச்சம் இல்லாவிட்டால் லாலான் மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். தலை நீட்டுகிறதை மட்டும் அவ்வப்போது பிடுங்கினால் போதும். மூடிய இடத்தில் சக்கரவள்ளிக் கொடி நட்டோம். அது தரையை மூடும், கிழங்கும் தரும், இலையும் பொரியலுக்கு ஆகும். ரப்பர் கன்று நட்ட காட்டில் பயறுக் கொடியைப் படரவிட்டுப் புல்லை அடக்கினார்களே, அதே வேலைதான்.

ஈப்போ சுற்றுவட்டாரத்தில் பல இடம் பழைய ஈயச் சுரங்க நிலம். வெறும் மணல், சத்து நிற்காது. மக்கிய சாணமும் சமையலறைக் கழிவில் செய்த மக்கு உரமும் தாராளமாகச் சேருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அரிசிச் சாக்கிலோ பாலிபேக்கிலோ மிளகாய், வெண்டை, தண்டுக்கீரை போடலாம். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள். பூச்சிக்கு வேப்பிலையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தட்டிலும் தோம்பிலும் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிள்ளைகளை எப்படி இழுப்பது?

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மண் வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தண்டனையாகக் கொடுத்த வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. அவனுக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்கி, என்ன போடுவது என்று அவனையே தீர்மானிக்க விடுங்கள். என் மகன் மிளகாயும் பாகற்காயும் போட்டான். பாகற்காய் கருகிப் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. மிளகாய் காய்த்தது. அக்கம்பக்கத்தில் விற்ற காசு அவனுக்கே என்று விட்டுவிட்டோம்.

பரீட்சை நேரத்தில் வற்புறுத்தாதீர்கள். பெண் பிள்ளைக்கு அடுப்படி, ஆண் பிள்ளைக்கு மண்வெட்டி என்று பிரிக்காதீர்கள். என் மகன் கைப்பேசியை விட்டுவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்கிறான். ஆனால் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது பாட்டியோடு பேசுகிறான். லயத்துக் கதை, பிரட்டுக் கதை எல்லாம் கேட்கிறான். நான் பத்து வருடமாகச் சொல்லியும் காதில் வாங்காத கதைகள்.

கடைசியாகச் சங்கத்துக்காரனாக ஒரு வார்த்தை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கொல்லைக் கீரையைக் காட்டி யாரும் நம் சம்பளக் கோரிக்கையைக் குறைக்க விடக் கூடாது. கீரை சம்பளத்துக்கு ஈடாகாது. அதே போல், தோட்டம் விற்பனையாகி மாற்று வீடு பேச வரும்போது, நான்காம் மாடியில் ஒரு அறை போதும் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தரையோடு ஒட்டிய வீடு கேளுங்கள், அதோடு கொஞ்சம் மண்ணும் கேளுங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் சட்டமே ஒப்புக்கொண்ட தேவை அது.

இந்த வாரமே ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றுங்கள். ஊன்றும்போது வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். அதட்டிக் கூப்பிடாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டே ஊன்றுங்கள். மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.