ஆண்டு விழாவுக்கு மாஸ்க் வேண்டுமா? ஒரு கணக்கு

2022 ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கும் வந்த குழப்பம் இது. மாதத் தொடக்கத்தில் கரோனா கட்டுப்பாடுகளை அரசு விலக்கிக்கொண்டது. அப்பாடா என்று இருக்கும்போதே சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று பரவியது. ஏப்ரல் 22 அன்று, பொது இடத்தில் முகக்கவசம் போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு மறுபடி வந்தது. பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா வைக்கிற நேரமும் அதுதான்.

எங்கள் பிள்ளைகளின் பள்ளி பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சு. ஒரு அப்பா எழுந்து, "ரெண்டு வருஷமா பிள்ளைங்க மூஞ்சியே பாக்கலீங்க. டான்ஸ் ஆடறப்ப கூடவா மாஸ்க்?" என்றார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "எங்க மாமியாருக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ் சார். பாப்பா வீட்டுக்குக் கொண்டாந்துட்டா நான் என்ன பண்றது?" என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். "மாஸ்க் வேண்டுமா, வேண்டாமா" என்று ஒற்றை வரியில் கேட்டால் இவர்களில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கும். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆய்வுகளைப் படித்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

சாம்பிராணிப் புகை

முதலில் கிருமி எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டும். 2020-ல் நமக்குச் சொன்னது: இருமும்போது தெறிக்கும் எச்சில் துளி, அது ஆறடிக்குள் விழுந்துவிடும், கையைக் கழுவு. இதில் பாதிதான் உண்மை. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இது காற்றிலும் மிதந்து பரவுகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் விளக்கக் குறிப்பில் தெளிவாகச் சேர்க்க 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது.

வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். ஜன்னலைச் சாத்திவிட்டால் கூடத்தில் போட்ட புகை பத்து நிமிடத்தில் சமையலறை வரை வந்துவிடும். அதே புகையை மொட்டை மாடியில் போட்டால், பக்கத்தில் நின்று குனிந்தால்தான் மூக்கில் ஏறும். நோயாளியின் மூச்சும் இப்படித்தான். பக்கத்தில் அடர்த்தி அதிகம், மூடிய இடத்தில் நேரம் ஆக ஆக எல்லாப் பக்கமும் நிறையும், திறந்தவெளியில் கலைந்து போகும்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு உதாரணம் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். அதில் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. முடிவில் 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள் (33 பேருக்குப் பரிசோதனையில் உறுதி, 20 பேருக்கு அறிகுறிகளை வைத்து). இரண்டு பேர் இறந்து போனார்கள். மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. நம் ஆண்டு விழாவின் சேர்ந்திசை நிகழ்ச்சியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். 2020 மார்ச்சிலிருந்து சுமார் இரண்டு வருடம் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை. 2020 நவம்பர் 29 தீபம் வெளியூர் பக்தர்கள் இல்லாமலேயே ஏற்றப்பட்டது. லட்சக்கணக்கில் கூட்டம் என்பதால் அந்தத் தடைக்கு வேறு காரணங்களும் உண்டு. பஸ், லாட்ஜ், சாப்பாட்டு வரிசை எல்லாம் அதில் சேரும். ஆனால் காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், 14 கிலோமீட்டர் திறந்த பாதையில் இடைவெளி விட்டு நடப்பதும், கருவறைக்கு முன்னால் நெருக்கி நிற்பதும் ஒன்றல்ல. ஒரே ஊர், ஒரே நாள், ஆனால் ஆபத்து இடத்துக்கு இடம் வேறு.

வகுப்பறை வேறு, விழா வேறு

"தினமும் ஸ்கூலுக்குத்தானே போறாங்க, விழாவுல மட்டும் என்ன புதுசா?" என்று கேட்பார்கள். புதுசு இருக்கிறது.

ஊரில் ஆயிரத்தில் 5 பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 பேர் உள்ள வகுப்பறையில் குறைந்தது ஒருவருக்காவது இருக்க வாய்ப்பு சுமார் 14 சதவீதம். 300 பேர் கூடும் அரங்கில் அதே வாய்ப்பு சுமார் 78 சதவீதம். அதாவது அனேகமாக ஒருவர் உள்ளே இருப்பார். தொற்று பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்று இறங்கிவிட்டால், அதே 300 பேர் கூட்டத்தில் வாய்ப்பு வெறும் 3 சதவீதம். ஆக, ஊரில் அந்த வாரம் தொற்று எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. மாஸ்க் அதற்குப் பிறகுதான்.

அடுத்து காற்று. 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள அரங்கம் என்று வைப்போம். 1,200 கன மீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சராசரி 15 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார் என்று கொண்டால், 300 பேருக்கு 4.5 கன மீட்டர். நாம் விடும் மூச்சில் அந்த வாயு சுமார் 4 சதவீதம். இதை வைத்து, நாம் இழுக்கும் காற்றில் மற்றவர் விட்ட மூச்சு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம்.

கதவு ஜன்னலைச் சாத்தி, மணிக்கு ஒரு தடவைதான் உள்காற்று மாறுகிறது என்றால், மூன்று மணி நேர விழாவின் முடிவில் சுமார் 9 சதவீதம். அதாவது பதினோரு மூச்சில் ஒரு மூச்சு அடுத்தவருடையது! எல்லாவற்றையும் திறந்து வைத்து மணிக்குப் பத்து தடவை காற்று மாறினால், நூறு மூச்சில் ஒன்று. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டு வராது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படியே, உள்ளே இருப்பதையேதான் குளிர்விக்கும். வெளிக்காற்று வர ஜன்னலைத் திறக்க வேண்டும் அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.

இப்போது மாஸ்க்கை உள்ளே கொண்டு வருவோம். சாதாரண சர்ஜிகல் மாஸ்க், ஓரத்தில் இடைவெளியோடு போட்டாலும், வெளியே போவதில் பாதியையும் உள்ளே வருவதில் 30 சதவீதத்தையும் தடுக்கிறது என்று ஒரு அனுமானம். எல்லோரும் போட்டால் 0.5 பெருக்கல் 0.7, அதாவது 0.35. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக ஆபத்து குறைகிறது. ஜன்னலைத் திறந்தால் பத்தில் ஒரு பங்கு. மூன்று மணி நேர விழாவை ஒன்றரை மணி நேரமாக்கினால் பாதி அல்லது அதற்கும் கீழே. இவை ஒன்றோடொன்று பெருகும். நான் மட்டும் போட்டு மற்றவர் போடாவிட்டால் எனக்குக் கிடைப்பது 0.7 மட்டுமே. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 போட்டால் இது நன்றாகவே கூடும். 95 என்பது வடிகட்டும் துணியின் திறன். ஓரத்தில் காற்று கசிந்தால் அந்த 95-க்கு அர்த்தம் இல்லை.

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

"மாஸ்க் வேலையே செய்யாதுன்னு ஆராய்ச்சி சொல்லுது" என்பவர்களும் இருக்கிறார்கள், "நிரூபிச்சாச்சு" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் காட்ட ஆய்வு உண்டு.

பங்களாதேஷில் 600 கிராமங்கள், சுமார் 3.4 லட்சம் பெரியவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. மாஸ்க் கொடுத்து ஊக்கப்படுத்திய கிராமங்களில் அணிவோர் 42 சதவீதம், மற்றவற்றில் 13 சதவீதம். அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 35 சதவீதம் குறைந்தது. டென்மார்க்கில் சுமார் 6,000 பேரை வைத்துச் செய்த சோதனையில் 1.8 சதவீதத்துக்கு எதிராக 2.1 சதவீதம். உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம். ஆனால் அது போட்டவருக்கு என்ன பாதுகாப்பு என்று மட்டுமே பார்த்தது. சுற்றியிருந்தவர்கள் அப்போது போடவில்லை.

பள்ளிகளை எடுத்தால், ஸ்பெயினின் கட்டலோனியாவில் மாஸ்க் கட்டாயமில்லாத 5 வயதுப் பிள்ளைகளையும் கட்டாயமான 6 வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். பெரிய பலன் தெரியவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2022-ல் கட்டாயத்தை எடுத்த பள்ளி மாவட்டங்களில் 15 வாரங்களில் ஆயிரம் பேருக்கு 44.9 தொற்று கூடுதல். அங்கேயும், கட்டாயத்தைத் தொடர்ந்த மாவட்டங்கள் வேறு விதங்களிலும் மாறுபட்டவை என்ற விமர்சனம் உண்டு. 2023 ஜனவரியில் வந்த காக்ரேன் தொகுப்பைக் காட்டி "மாஸ்க் வீண்" என்று பலர் எழுதினார்கள். அந்த நிறுவனத்தின் தலைமை ஆசிரியரே மார்ச்சில், அப்படிப் பொருள் கொள்வது தவறு, முடிவு தெளிவாக இல்லை என்பதே சரி என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

என் புரிதல் இது: வடிகட்டுவது இயற்பியல், அதில் சந்தேகம் இல்லை. "மாஸ்க் போடுங்கள்" என்று சொல்வதால் என்ன நடக்கும் என்பது மனித நடத்தை. வகுப்பில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து கழற்றினால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் எப்போதும் எல்லோருக்கும் என்பதைவிட, ஆபத்து அதிகமான இரண்டு மணி நேரத்தில் ஒழுங்காகப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

யாருக்கு?

மத்திய சுகாதாரத் துறையின் 2021 ஜூன் வழிகாட்டுதல்: 5 வயதுக்குள் மாஸ்க் வேண்டாம். 6 முதல் 11 வரை, பிள்ளை ஒழுங்காகப் போடத் தெரிந்திருந்தால் பெற்றோர் கண்காணிப்பில் போடலாம். 12-க்கு மேல் பெரியவர்களைப் போல. ஆக, எல்.கே.ஜி. குழந்தையின் முகத்தில் மாட்டிவிட்டு அது நாக்கால் நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காது கேளாத பிள்ளைக்கு எதிரில் இருப்பவரின் உதட்டசைவுதான் பாடம். அந்தப் பிள்ளையிடம் பேசும் ஆசிரியை தள்ளி நின்று, மாஸ்க்கைக் கழற்றிப் பேசுவதே சரி. இன்னொரு பக்கம், டயாலிசிஸ் மாமியார் உள்ள வீட்டுக்கு நல்ல என்-95 ஒரு ஆடம்பரம் அல்ல.

எங்கள் கூட்டத்தில் முடிவானது

விழா அரங்கில் வேண்டாம், மைதானத்தில் மாலை ஐந்தரைக்கு மேல். எப்படியும் ஏப்ரல் வெயிலில் பகலில் உட்கார முடியாது. மூன்று மணி நேர நிகழ்ச்சி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நீண்ட பேச்சுகள் போனதில் யாருக்கும் வருத்தம் இல்லை. மேடையில் ஆடும் பிள்ளைகளுக்கு மாஸ்க் கிடையாது. உடை மாற்றும் அறை சின்னது, அதனால் அங்கே 12 வயதுக்கு மேற்பட்டவர்களும் ஆசிரியர்களும் போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சேர்ந்திசைப் பிள்ளைகள் இடைவெளி விட்டு வெளியில் நின்று பாடுவார்கள். பார்வையாளர்கள் சட்டப்படி மாஸ்க்கோடு. பந்தி கிடையாது, பொட்டலமாகக் கையில். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை வீட்டில் இருக்கலாம், அதன் பரிசு பிறகு வகுப்பில் வைத்துத் தரப்படும்.

அப்பா தன் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா என்-95 போட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து முழு விழாவையும் பார்த்தார். அதற்குப் பிறகு யாருக்கும் நோய் வரவில்லை என்று நான் எழுதினாலும் அது ஆதாரம் ஆகாது. ஒரே ஒரு விழாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்து எந்தக் காய்ச்சல் வந்தாலும், உங்கள் பள்ளிக் கூட்டத்தில் இந்த வரிசையில் கேளுங்கள்: இந்த வாரம் ஊரில் எவ்வளவு? வெளியில் வைக்க முடியுமா? முடியாவிட்டால் எத்தனை ஜன்னல் திறக்கும்? எவ்வளவு நேரம்? யார் வீட்டில் பலவீனமானவர் இருக்கிறார்? இவ்வளவும் கேட்ட பிறகு, மிச்சம் இருக்கும் இடத்துக்கு மாஸ்க்.